குளம்பு வைத்த எழுத்து

அந்த மனிதரை நான் முதன்முதலாகப் பார்த்தபோது, என் கடைக்குள் நின்று என் வாடிக்கையாளரை அறைந்துகொண்டிருந்தார். நான் கம்ப்யூட்டரை விட்டு எழுந்து ஓடி வருவதற்குள் இரண்டாவது அறையும் விழுந்துவிட்டது. வாங்கியவர் தங்கை மகளின் காதுகுத்துக்கு ஃப்ளெக்ஸ் அடிக்க வந்த தாய்மாமன். திரையில் இருந்த குழந்தையின் பெயரைக் காட்டி, "ரெண்டு பக்கமும் காலியா கெடக்குதே, கொஞ்சம் இழுத்து விடும்மா" என்று சொன்னார். அவர் செய்த குற்றம் அவ்வளவுதான்.

ஃப்ளெக்ஸ் கடை நடத்துகிற எல்லோருக்கும் இது தெரியும். பெயர் சின்னது, பேனர் பெரியது என்றால் எழுத்தின் ஓரத்தைப் பிடித்து இரண்டு பக்கமும் இழுத்து விடுவோம். எலாஸ்டிக் மாதிரி நீளும். முதலில் கண்ணை உறுத்தும், அப்புறம் பழகிவிடும். ஓசூரில் அன்றைக்கு இருந்த அத்தனை கடைகளிலும் அப்படித்தான் செய்தோம். இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறார்கள். அதற்காக ஒரு மனிதனைக் கை நீட்டி அடிப்பார்களா? இவர் அடித்தார்.

"எழுத்து என்னா உங்கப்பன் ஊட்டு ஜவ்வு முட்டாயா, புடிச்சி இழுக்கறதுக்கு? எடம் காலியா இருந்தா இருந்துட்டுப் போவுது. உன் மண்டைக்குள்ள இல்லியா காலி எடம்?"

தாய்மாமன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அடித்த மனிதர் அடித்த அதே கையால் மேஜையில் கிடந்த ஃப்ளெக்ஸ் துண்டைத் திருப்பிப் போட்டு, தடித்த மார்க்கரால் குழந்தையின் பெயரை வரைய ஆரம்பித்தார். எழுதவில்லை, வரைந்தார். முடித்துவிட்டு நிமிர்த்திக் காட்டியபோது அந்த நாலெழுத்துப் பெயர் பேனர் முழுக்க நிற்கிற மாதிரி இருந்தது. எதையும் இழுக்கவில்லை. தாய்மாமன் கன்னத்திலிருந்து கையை எடுக்காமலேயே, "இதுவே இருக்கட்டும்மா" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடிபட்டவன் எதிரில் சிரிக்கக் கூடாதென்று உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

அடித்தவர் பெயரை இங்கே எழுதமாட்டேன். எழுதினால், எங்கிருந்தாலும் தேடி வந்து, என்ன எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு யாரையாவது அடிப்பார். ஊரில் 'குளம்பண்ணன்' என்றார்கள். நான் 'அண்ணே' என்பேன். காவேரிப்பட்டினத்துக்காரர். ஒல்லி உடம்பு, கழுத்தில் ஒரு துண்டு, கை மட்டும் உடம்புக்குச் சம்பந்தமே இல்லாமல் பெரிசு. அந்தக் கை சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. ஒன்று வரையும், இல்லாவிட்டால் யார் மேலாவது விழும்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நானும் என் வீட்டுக்காரரும் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவருக்குக் கம்பெனியில் ஷிப்ட் வேலை, எனக்கு பாகலூர் ரோட்டில் இந்தக் கடை. இரண்டு பேரும் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சூளகிரி தாண்டி மூன்று சென்ட் நிலம் வாங்கிப் போட்டிருந்தோம். வாடகை வீட்டில் சாமி படத்துக்கு ஓர் ஆணி அடிக்க வேண்டுமென்றால்கூட வீட்டுக்காரம்மாவிடம் போய் நின்ற காலம் அது. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய் அந்தக் காலி மனையில் நின்று, இங்கே சமையல்கட்டு, இங்கே வாசல் என்று காலால் கோடு போட்டுவிட்டு வருவோம். எங்களுக்கு இந்த ஊரில் சொந்தம் கிடையாது, பந்தம் கிடையாது. அந்த மூன்று சென்ட்தான் எங்களுடையது.

காதுகுத்துக்குப் பிறகு அண்ணன் தினமும் கடைக்கு வர ஆரம்பித்தார். அவருக்கு ஒரு முழு எழுத்துத் தொகுதி, அதாவது ஃபான்ட், செய்ய வேண்டும்; முதல் நாளும் அதற்கு ஆள் தேடித்தான் வந்திருந்தார். பேப்பரில் அவர் வரைவார், அதை நான் கம்ப்யூட்டரில் ஏற்றி ஓரங்களைச் செதுக்க வேண்டும். 'குளம்பு' என்று அதற்கு அவரே பெயர் வைத்திருந்தார். தலைப்புக்கும் பேனருக்கும் மட்டுமே ஆன எழுத்து. சின்னதாக அடித்தால் உதவாது. நெட்டுக்கோடு ஒவ்வொன்றும் உலக்கைத் தடிமன், படுக்கைக்கோடு மட்டும் ஒல்லி. நெட்டுக்கோடு கீழே வந்து நிற்கிற இடத்தில் இரண்டு பக்கமும் அகன்று ஒரு குளம்பு இருக்கும். இங்கிலீஷ் பேப்பர்களின் தலைப்பு எழுத்துக்குக் கால் வைத்திருப்பார்களே, அந்த மாதிரிதான். ஆனால் அது ஷூ போட்ட கால், இது மாட்டுக் கால்.

'ப', 'ட', 'ம' எல்லாம் சுலபமாக வந்துவிட்டன. நிற்பதற்கென்றே பிறந்த எழுத்துகள் அவை. 'ண'வும் 'ழ'வும்தான் அவரைப் பைத்தியமாக அடித்தன. தடிமன் கூட்டினால் சுழியின் வயிறு அடைத்துக்கொண்டு கறுப்புக் கட்டியாகிவிடும். வயிற்றைத் திறந்து விட்டால் பக்கத்து எழுத்தைவிடச் சோனியாகத் தெரியும். 'ணை' ஒன்றுக்காக ஒரு மழைக்காலம் முழுக்க வரைந்து வரைந்து கிழித்தார். நான் செதுக்கும்போது என் நாற்காலிக்குப் பின்னால் ஸ்டீல் ஸ்கேலோடு நிற்பார். வளைவு கொஞ்சம் பிசகினால் உச்சந்தலையில் 'டங்'கென்று விழும். ஒரு நாள் பொறுத்தேன், இரண்டு நாள் பொறுத்தேன். அடுத்த நாள் விழுந்ததும் கையிலிருந்த டீயை அப்படியே அவர் முகத்தில் ஊற்றினேன். சூடான டீ. கடையில் நின்றவர்கள் எல்லாம் என் கதை முடிந்தது என்று ஒதுங்கினார்கள். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்த வளைவை இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளும்மா" என்றார்.

அடிப்பது அவருக்குக் கோபம் இல்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று. கோபக்காரன் அடித்தால் அப்புறம் வருத்தப்படுவான், இல்லை இன்னும் கோபப்படுவான். இவருக்கு இரண்டும் கிடையாது. பிசிறைத் தட்டிவிடுகிற மாதிரி அடிப்பார். தட்டியதும் வேலை முடிந்தது.

அவர் மனைவி ஒரே ஒரு முறை சாப்பாட்டுத் தூக்கோடு கடைக்கு வந்தார். கீழ் உதடு தடித்துப் போயிருந்தது. "என்னக்கா இது?" என்று கேட்டேன். "நேத்து அவருக்கு 'ழ' சரியா வரலியாம்" என்றார். நேற்று எங்கள் பக்கம் மழை என்று சொல்கிற குரலில் சொன்னார். அண்ணன் வந்ததும் தெருவே கேட்கும்படி கத்தினேன். "பொம்பள மேல கை வச்சிட்டு வந்து எங்கிட்ட எழுத்தா வரையறீங்க? ஒங்க எழுத்தும் வேணாம், ஒண்ணும் வேணாம். படியேறாதீங்க!" திரும்பிப் போய்விட்டார். கொஞ்ச நாள் கழித்து வந்து, படியில் நின்றபடியே ஒரு தாளை நீட்டினார். 'ழ'. அடிவயிறு திறந்து, காலை ஊன்றி, வாலை வீசி நின்ற 'ழ'. பாவி, அவ்வளவு அழகாக இருந்தது! வாங்கிக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். அதை இப்போது நினைத்தாலும் அவர் மேலும் எரிச்சல் வருகிறது, என் மேலும் எரிச்சல் வருகிறது.

குளம்பு எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டுமென்றால் எருது விடும் விழாவுக்குப் போக வேண்டும். குருபரப்பள்ளிப் பக்கம் ஓர் ஊரில் அவர்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். மாட்டின் கொம்பில் பெரிய தட்டி கட்டி, அதில் ஜிகினாவும் படமும் மாட்டின் பெயரும் வைத்து, கூட்டத்துக்கு நடுவே ஓட விடுவார்கள். தட்டியைப் பறிக்கிறவனுக்குப் பரிசு. மாடு கண்ணுக்கு எதிரில் இருப்பது ஒரு மூச்சு விடுகிற நேரம். அதற்குள் பெயர் கண்ணில் பட வேண்டும். வயசுக் காலத்தில் அந்தத் தட்டிகளுக்குப் பெயர் வரைந்துதான் இவர் தொழிலுக்கு வந்தார்.

அன்றைக்கு அவர் தட்டிக்குப் பெயர் வரைந்து கொடுத்த ஒரு செவலைக் காளை வந்தது. பாதையோரத்தில் தட்டிக்குத் தாவிய ஒருவரைக் கொம்பில் வாங்கித் தூக்கிப் போட்டது. விழுந்த ஆளின் வயிற்றைப் பார்த்துவிட்டு நான் கண்ணை மூடிக்கொண்டேன். வேட்டியை வைத்து அழுத்தி நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். செம்மண்ணில் ரத்தம் விழுந்தால் ரத்தம் மாதிரித் தெரியாது, ஈரம் மாதிரித்தான் தெரியும். இவர் என் தோளைப் பிடித்து உலுக்குகிறார்.

"பேரைப் படிச்சியா? மாடு திரும்புச்சே, அப்ப தட்டியில பேர் தெரிஞ்சுதா இல்லியா?"

"அண்ணே, அந்த ஆளு செத்துருவான் போலருக்கு!"

"அத டாக்டர் பாத்துக்குவாரு. நீ படிச்சியா?"

படித்திருந்தேன். அதுதான் கொடுமை. அந்தக் களேபரத்திலும் பெயர் கண்ணில் ஆணி அடித்த மாதிரி நின்றது. "தெரிஞ்சிதுண்ணே" என்றேன். பச்சைப் பிள்ளை மாதிரிச் சிரித்தார். அடிபட்ட ஆள் பிழைத்துக்கொண்டார் என்று அப்புறம் கேள்விப்பட்டேன். அவரிடம் சொன்னபோது, "எந்த ஆளு?" என்று கேட்டார்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, அவரை எனக்குப் பிடிக்கும் என்று சொன்னால் நீங்கள் என்னைத்தான் திட்டுவீர்கள். ஆனால் பிடித்தது. ஒன்று சொல்கிறேன். எல்லைக்கு அந்தப் பக்கம் புதிதாகத் திறந்த ஒரு ஹோட்டலுக்குத் தமிழிலும் கன்னடத்திலும் போர்டு போட்டோம். தமிழுக்குக் குளம்பு. கன்னடத்துக்குக் கம்ப்யூட்டரில் கிடந்த ஒல்லி எழுத்தை ஹோட்டல்காரரே போடச் சொல்லிவிட்டார். போர்டு ஏறிய அன்று சாயங்காலமே நாலைந்து பேர் தார் டப்பாவோடு வந்து நின்றார்கள். அடி தடி ஆகப்போகிறது என்று நான் ஆட்டோ தேடுகிறேன். அதில் ஒருவர் போர்டைக் காட்டி, "நம் பாஷெகெ காலில்வா குரு?" என்று கேட்டார். எங்கள் பாஷைக்கு மட்டும் கால் கிடையாதா என்கிறார்.

இவர் போர்டை அண்ணாந்து பார்த்தார். "கரெக்ட்டுதான், சரியான கேள்வி" என்றார். திரும்பினார், ஹோட்டல்காரரைப் பளாரென்று அறைந்தார். தார் டப்பாக்காரர்களே பயந்துவிட்டார்கள். அப்புறம் அந்தப் போர்டை இறக்கி, அவர்களையே ஏணி பிடிக்கச் சொல்லி, கன்னடத்துக்கும் கால் வைத்து வரைந்து ஏற்றினார். அவர்களில் ஒருவர் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார். எழுத்து எந்த மொழி என்பதே அவருக்குக் கணக்கில்லை. ஒன்று நிமிர்ந்து நிற்கும்போது பக்கத்தில் இன்னொன்று கூனிக்கொண்டு நிற்கக் கூடாது, அவ்வளவுதான். அந்த ஒரு விஷயத்தில் அவரைப் போல நியாயக்காரனை நான் பார்த்ததில்லை.

எழுத்து முடிந்ததும் காற்று மாதிரிப் பரவியது. ஒரு கடைக்குக் கொடுத்தால் ஒன்பது கடைக்குப் போய்விடும், இந்தத் தொழிலில் பூட்டு சாவி கிடையாது. காதுகுத்து, கட்சி, கிடா வெட்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் குளம்பிலேயே வந்தன. பிறகு ஒரு லேஅவுட்காரர் அதைப் பிடித்துக்கொண்டார். சூளகிரியில் கம்பெனிகள் வரவர, கொத்தமல்லி விளைந்த காடெல்லாம் மனையாகிக்கொண்டிருந்த நேரம். அந்த ஆள் நிலம் வாங்கவும் செய்வார், ஆள் இல்லாத நிலத்தைச் சும்மாவே எடுத்துக்கொள்ளவும் செய்வார். எடுப்பது எப்படியென்றால், முதலில் ஒரு போர்டு வரும். 'இந்த நிலம் எங்களுக்குச் சொந்தமானது. அத்துமீறி நுழைபவர்கள் மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும்.' குளம்பு எழுத்தில், சிவப்பில். கேட்கப் போனவனுக்கு அடி விழும். அப்புறம் வேலி வரும். சூளகிரியிலிருந்து குருபரப்பள்ளி வரைக்கும் ரோட்டோரத்தில் அந்த எழுத்தைப் பார்த்தாலே ஜனங்கள் வண்டியை மெதுவாக்கி, யார் தலையில் விழுந்ததோ என்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

"ஒங்க எழுத்த வச்சி ஊரை மிரட்டறாங்கண்ணே" என்று அவரிடம் சொன்னேன்.

"மிரளுதா?" என்று கேட்டார். முகத்தில் சந்தோஷம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்கி மனைக்கு நடந்து போனால், எங்கள் மூன்று சென்ட்டின் நடுவில் அந்தப் போர்டு நிற்கிறது. நான் காலால் கோடு போட்டு வைத்திருந்த சமையல்கட்டில் நிற்கிறது. ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை, அதில் ஒரு வாட்ச்மேன். ஒடிசாப் பக்கத்து ஆள், கல்யாண வயதில் பெண் இருக்கிற வயது. எங்களைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டு, உள்ளே வரக் கூடாது என்று கையாலேயே சொன்னார். என் வீட்டுக்காரர் பத்திரத்தை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். "இது சிவில் மேட்டருங்க, கோர்ட்டுக்குப் போங்க" என்று அனுப்பிவிட்டார்கள். ராத்திரி முழுக்க அவர் சாப்பிடவில்லை. நான் அழவில்லை. எனக்கு ஆத்திரம் வந்தால் அழுகை வராது, பாத்திரம்தான் உருளும்.

மறுநாள் அண்ணனைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். "வாங்க, ஒங்க எழுத்து எங்க வந்து நிக்கிதுன்னு பாருங்க. எங்க அடுப்புல நிக்கிது." பைக்கை நிறுத்தினார். போர்டைப் பார்த்தார். நான் நிலத்தைப் பற்றிச் சொல்லச் சொல்ல, அவர் முகம் கறுத்துக்கொண்டே வந்தது. சரி, மனுஷனுக்கு மனசு இளகுகிறது என்று நினைத்தேன்.

"இழுத்திருக்கானுங்க" என்றார்.

"என்னது?"

"போர்டு அகலமாப் போச்சின்னு எழுத்தைப் புடிச்சி இழுத்திருக்கானுங்கம்மா. நெட்டுக்கோடு தலகாணி மாதிரி உப்பிக்கினு கெடக்குது பாரு. குளம்பை வாத்துக் காலாக்கிட்டானுங்க!"

"அண்ணே, என் நெலம்ணே!" என்று கத்தினேன்.

அவர் காதில் விழவில்லை. கொட்டகை ஓரத்தில் கிடந்த கடப்பாரையை எடுத்தார். முதல் அடியில் போர்டின் ஒரு கால் மடங்கியது. வாட்ச்மேன் ஓடி வந்து, தன் மொழியில் ஏதோ கெஞ்சிக்கொண்டு போர்டுக்குக் குறுக்கே கையை நீட்டினார். அடிக்க வரவில்லை, கையைத்தான் நீட்டினார். கடப்பாரை அந்தக் கையின் மேல் விழுந்தது. காய்ந்த கரும்பை முழங்காலில் வைத்து ஒடித்தால் வருமே, அந்தச் சத்தம். இவர் நிற்கவில்லை. வேலை செய்கிற முகத்தோடு போர்டை அடித்துக்கொண்டே இருந்தார். சத்தம் கேட்டு லேஅவுட் ஆட்கள் இரண்டு பேர் பைக்கில் வந்தார்கள். ஒருவன் இரும்புக் குழாயால் இவர் நெற்றியைப் பிளந்தான். ரத்தம் கண்ணுக்குள் இறங்குகிறது, துடைக்கக்கூட இல்லை. அவன் முட்டியை அடித்து உட்கார வைத்தார். இன்னொருவனின் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து விழுந்து கிடந்த போர்டில் முகத்தை வைத்துத் தேய்த்தார். "இதான் குளம்பா? சொல்லு, இதான் குளம்பா?" என்று கேட்டுக்கொண்டே தேய்த்தார். அவனுக்கு என்ன தெரியும்? "தெரியாதுண்ணா, தெரியாதுண்ணா" என்று அலறினான். என்னால் அதைப் பார்க்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. முந்தானையைக் கிழித்து வாட்ச்மேன் கையைக் கட்டி, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு நான்தான் கொண்டுபோனேன். வழியெல்லாம் அந்த மனிதர் என்னைக் கும்பிட்டுக்கொண்டே வந்தார். ஒரு கையால் கும்பிட்டார்.

லேஅவுட்காரர் எங்களை ஒன்றும் செய்யவில்லை. அவரே போன் செய்தார். "ஆள் இல்லாதவங்க எடம்னு பசங்க தப்பா நெனச்சிட்டாங்கம்மா. ஒங்களுக்கு இப்படி ஒரு அண்ணன் இருக்கறது தெரியாமப் போச்சி." அவ்வளவுதான், அவர்களுடைய சட்டமே அதுதான். அவர்கள் கொட்டகையையும் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். போலிப் பத்திரத்தை வைத்துக்கொண்டு போலீசுக்குப் போக அவர்களால் முடியாது. வாட்ச்மேன் புகார் கொடுக்கவில்லை, யாரிடம் கொடுப்பார்? என் வீட்டுக்காரர் அன்று ஜாங்கிரி வாங்கி வந்தார். நானும் தின்றேன். நிலம் திரும்பி வந்ததில் எனக்குச் சந்தோஷம் இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய்.

நெற்றித் தையல் பிரித்த கையோடு அவர் எனக்காக ஒரு போர்டு வரைந்தார். கம்ப்யூட்டர் வேண்டாம் என்று இரும்புத் தகட்டில் பெயிண்டால், கையாலேயே. 'இந்த இடம் முத்துலட்சுமிக்குச் சொந்தமானது.' என் வீட்டுக்காரர் பெயரைப் போடவில்லை, என் பெயர்தான். அண்ணனே வண்டியில் வைத்துக் கொண்டுவந்து, குழி தோண்டி நட்டார். என்ன சொல்ல! 'மு' ஒரு எருது தலையைத் திருப்பிப் பார்க்கிற மாதிரி நின்றது. 'ட்' மேல் வைத்த புள்ளிகூடக் கனமாக உட்கார்ந்திருந்தது. ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் எலிப் புழுக்கை மாதிரிக் கிடந்த என் பெயர், வானத்தை முதுகில் வைத்துக்கொண்டு நின்றது. கண் கலங்கிவிட்டது எனக்கு.

அப்போது ரோட்டில் அந்த வாட்ச்மேன் வந்தார். பக்கத்து லேஅவுட்டில் வேலை கிடைத்திருந்ததாம். ஒரு கையில் மாவுக்கட்டு, இன்னொரு கையில் பால் பாக்கெட். தலையை நிமிர்த்தினார், போர்டு கண்ணில் பட்டது. அந்த இடத்திலேயே நின்றுவிட்டார். எங்களை அவர் பார்க்கவே இல்லை, போர்டை மட்டும்தான் பார்த்தார். அப்புறம் மெல்லப் பின்வாங்கி, ரோட்டை விட்டு இறங்கி, எதிர்க் கொத்தமல்லிக் காட்டுச் சேற்றுக்குள் கால் புதையப் புதைய, கட்டுப்போட்ட கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சுற்றிப் போனார். அவருக்குத் தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது.

"பாத்தியாம்மா?" என்று அண்ணன் என் பக்கம் திரும்பினார். முகமெல்லாம் பூரிப்பு. "படிக்கத் தெரியாதவன்கூடப் படிச்சிட்டான்!"

குழி தோண்டிய கடப்பாரை பக்கத்தில் கிடந்தது. எடுத்தேன். என் பெயரின் மேலேயே அடித்தேன். தகடு அலறியது. "ஏய், ஏய், பைத்தியமா ஒனக்கு?" என்று என் வீட்டுக்காரர் ஓடி வந்து இடுப்பைப் பிடித்தார். உதறிவிட்டு மறுபடியும் அடித்தேன். போர்டு சாய்ந்து மண்ணில் விழும்வரை அடித்தேன்.

அண்ணன் என்னை அடிப்பார் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் நானும் அடித்திருப்பேன், கை அந்த நிலையில்தான் இருந்தது. அவர் அடிக்கவில்லை. விழுந்த தகட்டின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். என் பெயரின் எழுத்துகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டு போனார். எங்கேயோ பிசகிவிட்டது, அது எங்கே என்று தேடினார்.

"ஏம்மா," என்று கேட்டார். அந்தக் குரலை நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. "எழுத்து நல்லா இல்லியா?"

"நல்லாருக்குண்ணே. எம் பேரை இவ்வளவு அழகா நான் ஜென்மத்துல பாத்ததில்ல." எதிர்க் காட்டுப் பக்கம் கையைக் காட்டினேன். "எம் பேரைப் பாத்துட்டு ஒரு மனுசன் சேத்துல எறங்கிப் போறான்ணே. நான் இங்க குடியிருக்கணும்."

அவருக்குப் புரிந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நெளிந்த தகட்டைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டு, வண்டியைக்கூட எடுக்காமல் ரோட்டோடு நடந்து போனார். வண்டியை எடுத்துப்போக யாரோ வந்தார்கள், அவர் வரவில்லை. என் கடைப் படியை அதற்குப் பிறகு அவர் மிதிக்கவே இல்லை.

வீடு கட்டிக் குடிவந்து வருஷங்கள் ஆகிவிட்டன. வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. கூரியர்காரர் வழி தெரியாமல் போன் செய்தால், மஞ்சள் சுவர், கொத்தமல்லிக் காட்டுக்கு எதிரில் என்று சொல்லிவிட்டு, நானே ரோடு வரைக்கும் இறங்கிப் போய் நிற்கிறேன்.